ஐஐடி மெட்ராஸிலிருந்து பிரசிடென்ட் நாற்காலி வரை: நடுவில் என்னதான் நடக்கிறது?

#1 கூவம்கரையான்

சுப்ரா சுரேஷ் 1977-இல் ஐஐடி மெட்ராஸில் மெக்கானிக்கல் பி.டெக். முடித்தார். 2013 ஜூலையில் பிட்ஸ்பர்க் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 9-வது தலைவர் ஆனார். இப்படி ஒரு சேதி வந்தால் நம்ம பேப்பர்களில் 'சென்னை மாணவர் சாதனை' என்று பெட்டி கட்டிப் போடுவார்கள். முதல் வரியில் பி.டெக்., கடைசி வரியில் பதவி. நடுவிலிருக்கும் 36 வருஷம் காணாமல் போயிருக்கும். இந்த இழை அந்த 36 வருஷத்துக்கு.

எந்தப் படியில் எத்தனை வருஷம், விசா எங்கே காலை வாரும், நல்ல ஆராய்ச்சியாளர்கள் எங்கே தேங்கி நிற்கிறார்கள், தேர்வு எப்படி நடக்கிறது: விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். 'எங்க சித்தப்பா பையன் டெக்ஸாஸ்ல...' கதைகளுக்கு அரட்டைப் பகுதி இருக்கிறது.

#2 தரமணி_தாரிணி

படிகளுக்கு முன்னாடி பதவிப் பெயரைச் சரி பண்ணிடலாம். பாதிக் குழப்பம் மொழிபெயர்ப்புல வருது.

சான் டியாகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல பிரதீப் கோஸ்லா 2012-லேர்ந்து 'சான்ஸலர்'. நம்ம பத்திரிகைகள் உடனே 'வேந்தர்'னு எழுதிடும். நமக்கு வேந்தர்னா பட்டமளிப்பு விழாவுக்கு வர்ற ஆளுநர். அவர் அது இல்லை. கலிஃபோர்னியாவுல 10 வளாகம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு சான்ஸலர், எல்லாத்துக்கும் மேல ஒரு பிரசிடென்ட். நியூயார்க் மாநில அமைப்புல அப்படியே தலைகீழ்: 64 வளாகத்துக்கும் மேல சான்ஸலர், வளாகத்துக்கு பிரசிடென்ட். ஹூஸ்டன்ல அமைப்புக்கு சான்ஸலர், முதன்மை வளாகத்துக்கு பிரசிடென்ட். ரேணு கட்டோர் 2008 ஜனவரியிலேர்ந்து ரெண்டு நாற்காலியும். கனடாவுல சான்ஸலர் சும்மா அலங்காரப் பதவி. மெக்கில்ல பல்கலைக்கழகத் தலைவருக்குப் பாரம்பரியமா 'பிரின்சிபல்'னு பேரு, கல்லூரி முதல்வர்னு எழுதினா தப்பு.

வேலையை வச்சுப் பார்த்தா நம்ம துணைவேந்தர்தான் கிட்டத்தட்ட பொருந்தும். ஆனா நம்ம துணைவேந்தருக்கு இல்லாத ரெண்டு இவங்களுக்கு இருக்கு: பணம் திரட்டற பொறுப்பு, கால்பந்து அணி.

#3 ஆலந்தூர் அனந்து

படிகள் இவை: முனைவர் பட்டம் 5–6 ஆண்டு. உதவிப் பேராசிரியராக 6 ஆண்டு ஓடினால் டென்யூர், அதாவது நிரந்தரப் பணிக்கான பரிசீலனை. பிறகு இணைப் பேராசிரியர், முழுப் பேராசிரியர், துறைத் தலைவர், டீன் (பல்கலைக்கழகத்துக்குள் ஒரு கல்லூரியின் தலைவர்), ப்ரோவோஸ்ட், பிரசிடென்ட். ப்ரோவோஸ்ட் என்பவர் கல்விப் பக்கம் முழுவதையும் பார்க்கும் இரண்டாம் ஆள்.

இந்த ஏணியை ஒரு படி விடாமல் ஏறியவர் வேண்டுமென்றால் சதீஷ் திரிபாதி. காசி இந்துப் பல்கலைக்கழகம், டொரன்டோவில் முனைவர் பட்டம், மேரிலாண்டில் கணினித் துறைத் தலைவர் (1988–95), ரிவர்சைடில் பொறியியல் டீன் (1997–2004), பஃபலோவில் ப்ரோவோஸ்ட் (2004–11), 2011-இல் அங்கேயே பிரசிடென்ட். ஒவ்வொரு படியிலும் ஏழேழு வருஷம். ஏழரை என்று சொல்லாமல் விட்டார்களே!

சுரேஷ் அந்த ஏணியில் குறுக்கே ஏறியவர். அயோவா ஸ்டேட்டில் 1979-இல் எம்.எஸ்., 1981-இல் எம்ஐடி-யில் டாக்டர் பட்டம். 1983-இல் பிரவுனில் உதவிப் பேராசிரியர், 1989-இல் முழுப் பேராசிரியர், 1993-இல் எம்ஐடி. 2000 முதல் 2006 வரை துறைத் தலைவர், 2007-இல் பொறியியல் டீன், 2010-இல் தேசிய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர். ப்ரோவோஸ்ட் படியைத் தாண்டிவிட்டார். நாட்டின் ஆராய்ச்சி நிதியைப் பங்கிட்டவரைப் பார்த்து எந்தத் தேர்வுக் குழுவும் 'ப்ரோவோஸ்ட் அனுபவம் உண்டா' என்று கேட்காது.

#4 ஃபைல்_நம்பர்_ப்ளீஸ்

ஏணியெல்லாம் சரி, தரையில கால் ஊன்ற இடம் விசா. முதல்ல, எச்-1பிங்கற வேலை விசா பத்தி ஒரு தப்புக் கருத்து: "எச்-1பி லாட்டரி விழலேன்னா போச்சு." பல்கலைக்கழகத்துக்கு அந்த லாட்டரியே கிடையாது. ஆண்டுக்கு 65,000-மும் மேல்பட்டத்துக்கான 20,000-மும் கம்பெனிகளுக்கு. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பல்கலைக்கழகம் அந்த எண்ணிக்கைக்கு வெளியே. எந்த மாசமும் விண்ணப்பிக்கலாம். ஆனா 2025 செப்டம்பர் அறிவிப்புக்கு அப்புறம் நாட்டுக்கு வெளியே இருக்கிறவருக்குப் புதுசா போடற மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம்னு வந்துச்சு. அது பல்கலைக்கழகத்தையும் விடலை. அதனால உள்ளேயே படிச்சு எஃப்-1 மாணவர் விசாவுலேர்ந்து மாறுறவங்களுக்கு மவுசு கூடிச்சு.

அடுத்தது கிரீன் கார்டு. ஆசிரியர் வேலைக்கு ரெண்டு வழி.

ஒண்ணு, ஈபி-2 (வேலை வழி கிரீன் கார்டுல ரெண்டாம் வகை) வகையில 'ஸ்பெஷல் ஹேண்ட்லிங்'. சாதாரண பெர்ம்ல (அமெரிக்கர் கிடைக்கலேன்னு தொழிலாளர் துறைகிட்ட வாங்கற சான்று) 'குறைந்தபட்சத் தகுதி உள்ள அமெரிக்கர் ஒருத்தர் இருந்தாலே' மனு விழுந்துடும். கல்லூரி ஆசிரியருக்கு மட்டும் 'விண்ணப்பிச்சவங்கள்ல இவரே தகுதி மிக்கவர்'னு காட்டினா போதும். ஆனா பெர்ம் விண்ணப்பம் 18 மாசத்துக்குள்ள போகணும். எந்தத் தேதியிலேர்ந்து? வேலையில சேர்ந்த நாள்லேர்ந்து இல்லை, தேர்ந்தெடுத்த நாள்லேர்ந்து. மார்ச்சுல தேர்வாகி ஆகஸ்டுல சேர்றவருக்கு அங்கேயே அஞ்சு மாசம் போச்சு. எச்ஆர் ஆபீஸ் சேர்ந்த நாளை வச்சுக் கணக்குப் போட்டு உட்கார்ந்திருக்கும். கெடு தாண்டினா திரும்ப விளம்பரம் போட்டுப் புதுசா தேர்வு நடத்தணும், இல்லேன்னா அந்தச் சாதாரண பெர்மோட கடுமையான விதி.

ரெண்டாவது, ஈபி-1பி (முதல் வகையில சிறந்த பேராசிரியர், ஆய்வாளருக்கானது). பெர்ம் வேண்டாம். 3 ஆண்டு கற்பித்தல் அல்லது ஆய்வு அனுபவம், டென்யூர் வரிசையில நிரந்தர வேலை, ஆறு அளவுகோல்ல ரெண்டாவது பூர்த்தி ஆகணும். இந்தியாவுல பிறந்தவங்களுக்கு ஈபி-2 வரிசை பத்து வருஷத்துக்கும் மேல நிக்குது. ஈபி-1 அதைவிட ரொம்பச் சின்னது. பெர்ம் போட்டு வரிசையில ஒரு தேதியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, மூணாவது வருஷம் ஈபி-1பி-க்குத் தாவறது வழக்கம்; பழைய தேதி கூடவே வரும். கணக்கு பாஸ்போர்ட்டை வச்சு இல்லை, பிறந்த நாட்டை வச்சு. துணைவி சிங்கப்பூர்லயோ இலங்கையிலயோ பிறந்திருந்தா அந்த நாட்டுக் கணக்குல போகலாம். இதை முதல் நாளே வக்கீல்கிட்ட சொல்லணும்.

#5 ராயபுரம் ரகு

அண்ணா, விசா இருக்கட்டும். ஆராய்ச்சி நல்லா இருந்தா தானா மேல வர மாட்டாங்களா? மூணு அகாடமியிலயும் இருக்கிறவர்தானே சுரேஷ்?

#6 ஆலந்தூர் அனந்து

வர மாட்டார்கள் தம்பி. பொறியியல், அறிவியல், மருத்துவம் மூன்று தேசிய அகாடமிகளிலும் அவர் உறுப்பினர்தான். உலோகச் சோர்வில் ஆரம்பித்து மலேரியா தாக்கிய ரத்த அணு எப்படி விறைக்கிறது என்பது வரை போன ஆய்வு. அது கதவைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே உட்கார வைப்பது வேறு.

நம்மவர்கள் பெரும்பாலும் தேங்குகிற இடம் முழுப் பேராசிரியர். 'துறைத் தலைவர் வேலை கிளார்க் வேலை, ஆராய்ச்சி கெட்டுவிடும்' என்று ஒதுங்குகிறார்கள். அது நியாயமான பயம்தான், உண்மையிலேயே கெடும். ஆனால் 45 வயதுக்குள் யாருடைய சம்பளத்தையும் நிர்ணயிக்காதவரை, யாருக்கும் டென்யூர் மறுக்காதவரை, 55-இல் யாரும் டீன் ஆக்குவதில்லை. உதவி டீன், ஆய்வுக்கான துணை டீன் மாதிரிச் சின்னப் பொறுப்புகளில் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தவர்தான் அடுத்த படிக்குப் போகிறார்.

ஒரு கணக்கு சொல்கிறேன். இதை மனப்பாடமாகச் சொல்லத் தெரியாமல் டீன் நேர்காணலுக்குப் போகிறவர்கள் உண்டு. ஒரு பேராசிரியர் 1,00,000 டாலர் நேரடிச் செலவுக்கு மத்திய அரசின் ஆய்வு நிதி கொண்டுவருகிறார். பல்கலைக்கழகத்தின் மேல்செலவு விகிதம் (கட்டடம், நிர்வாகச் செலவுக்கு அதன் மேல் சேர்த்துத் தருவது) 55 விழுக்காடு என்று வையுங்கள். கூடுதலாக 55,000 வருமா? வராது. கருவி வாங்கும் 20,000-மும் மாணவர் கல்விக் கட்டணம் 15,000-மும் அடிப்படைத் தொகையில் சேராது. மீதி 65,000-இல் 55 விழுக்காடு, 35,750. அதில் எவ்வளவு மத்திய நிர்வாகத்துக்கு, எவ்வளவு கல்லூரிக்கு, எவ்வளவு துறைக்கு என்பது ஒவ்வோர் இடத்திலும் ஒரு சண்டை. புது உதவிப் பேராசிரியர் ஒருவருக்கு ஆய்வகம் அமைத்துத் தரவே பொறியியலில் சில லட்சம் டாலர் போகும். பத்து லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. 35,750 எப்போது அதை அடைக்கும்? இந்தக் கேள்வியை இரவு பகலாகச் சுமப்பவர் பெயர்தான் டீன்.

#7 தரமணி_தாரிணி

அனந்து சார் சொல்றதுல பாதிதான் ஒத்துக்கறேன். ப்ரோவோஸ்ட், டீன் வழி ஒண்ணே வழி இல்லை. கொழும்புல பிறந்த தமிழர் இந்திரா சமரசேகரா: இலங்கைப் பல்கலைக்கழகத்துல மெக்கானிக்கல், டேவிஸ்ல எம்.எஸ்., 1980-ல பிரிட்டிஷ் கொலம்பியாவுல உலோகவியல் முனைவர் பட்டம். அங்கேயே 2000-லேர்ந்து ஆய்வுக்கான துணைத் தலைவர். 2005-லேர்ந்து 2015 வரைக்கும் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத் தலைவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். நம்ம பேப்பர் பெட்டிச் செய்தியில இவர் பேரு எத்தனை தடவை வந்திருக்கும்?

சுனில் குமார் வணிகப் பள்ளி வழி: மங்களூர்ல பி.இ., பெங்களூர் ஐஐஎஸ்சி, இல்லினாய்ல முனைவர் பட்டம், சிகாகோவுல வணிகப் பள்ளி டீன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ப்ரோவோஸ்ட், 2023-ல டஃப்ட்ஸ் தலைவர். வணிகப் பள்ளி டீனுக்கு ஒரு வசதி: பணம் கேட்டுப் பழகின நாக்கு.

#8 கூவம்கரையான்

அந்தப் பணம் கேட்கிற விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள் மேடம். இங்கே அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குச் சில லட்சம் கொடுத்தாலே பெயர்ப்பலகை வைத்துவிடுவார்கள்.

#9 தரமணி_தாரிணி

அங்கேயும் அதே அறக்கட்டளை முறைதான், அளவுதான் வேற. முதல் தொகையைத் தொடாம, வருஷத்துக்கு 4–5 விழுக்காடு மட்டும் எடுப்பாங்க. ஒரு பேராசிரியர் இருக்கைக்கு 30 லட்சம் டாலர் கொடுத்தா 4.5 விழுக்காடுல வருஷம் 1,35,000. ஒரு மூத்த பேராசிரியர் சம்பளத்துக்கே அது பத்தாது. நன்கொடையாளர் 'நான் ஒரு பேராசிரியரையே கொடுத்திருக்கேன்'னு நினைச்சுக்குவார். அந்த இடைவெளியை அவர் மனசு நோகாம சொல்லத் தெரியணும்.

பெரிய நன்கொடை முதல் சந்திப்புலேர்ந்து கையெழுத்து வரைக்கும் ஒன்றரை, ரெண்டு வருஷம் பிடிக்கும். நம்ம ஆளுங்க செய்ற தப்பு, முதல் சந்திப்புலயே திட்ட அறிக்கையை நீட்டறது. அவங்க எதிர்பார்க்கிறது தன் கல்லூரி நாளைப் பத்திக் கேட்கிற ஒரு காது. அங்கே படிக்காத, கால்பந்து தெரியாத ஒருத்தருக்கு இது உண்மையிலேயே கஷ்டம். ஹூஸ்டன்ல கட்டோர் கத்துக்கிட்டது அதைத்தான். 2023-ல அவங்க அணி பிக் 12-ங்கற பெரிய பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்புல சேர்ந்ததை வேடிக்கையா நினைக்காதீங்க. பழைய மாணவர் பர்ஸ் திறக்கிற சாவி அங்கேதான் தொங்குது.

#10 பெசன்ட்நகர்_பிரபா

தேர்வு நடைமுறை பற்றி யாரும் எழுதாததால்.

பிரசிடென்டைத் தேர்ந்தெடுப்பது பேராசிரியர்கள் இல்லை, அறங்காவலர் குழு. பொதுவாக 15–20 பேர் கொண்ட தேடல் குழு அமைத்து, ஆள் தேடும் நிறுவனம் ஒன்றை அமர்த்துவார்கள். அந்த நிறுவனத்தின் கட்டணம் வழக்கமாகப் புதுத் தலைவரின் முதலாண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. மொத்தம் 6 முதல் 9 மாதம் ஓடும். விண்ணப்பம் போட்டு யாரும் வருவதில்லை. பெயர் முன்மொழியப்பட்டு, ஃபோன் வந்து, 'ஆர்வம் உண்டா' என்று மெதுவாகக் கேட்பார்கள்.

முக்கியமான வடிகட்டி 'ஏர்போர்ட் இன்டர்வியூ'. விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில், 8–10 பேரை இரண்டு நாளில் பார்ப்பார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துவிடாதபடி நேரம் பிரித்திருப்பார்கள். லாட வடிவ மேசை, திறந்த பக்கத்தில் ஒற்றை நாற்காலி. 90 நிமிடம், சுமார் 10 கேள்வி, ஒவ்வொன்றையும் வேறொருவர் ஒரு தாளைப் பார்த்து வாசிப்பார். அறிமுகமும் துணைக் கேள்விகளும் போக ஒரு பதிலுக்கு 5–6 நிமிடம்தான். வகுப்பில் பேசிப் பழகியவர் முதல் கேள்விக்கே 14 நிமிடம் எடுப்பார். அதே வேகத்தில் போனால் நான்கு கேள்வியோடு நேரம் முடியும். கேட்கப்படாத ஆறு கேள்விகளுக்கும் மதிப்பெண் தாளில் வெறும் கட்டம்தான் இருக்கும்.

எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் வங்கிக்காரர், கட்டட ஒப்பந்தக்காரர், வக்கீல், ஒரு மாணவர், இரண்டு மூன்று பேராசிரியர்கள். எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள் என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் தண்ணீர் பாட்டிலைப் பார்ப்பார்கள். 'ஏன் இந்த ஊர்?' என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்குப் போகுமுன் படிக்க வேண்டியவை: மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, கடன் பத்திரங்களுக்குத் தரமதிப்பீட்டு நிறுவனமான மூடிஸ் கொடுத்த தரம், அங்கீகாரக் குழுவின் கடைசி அறிக்கை. தனியார் என்றால் வரித் துறைக்குக் கொடுக்கும் 990 படிவம். எல்லாருக்கும் திறந்த ஆவணம், மேல்மட்டச் சம்பளம் வரை அதில் இருக்கும். கட்டணத் தள்ளுபடி விகிதமும் முக்கியம். பல தனியார் கல்லூரிகளில் முதலாண்டு மாணவருக்கு அது 50 விழுக்காட்டைத் தாண்டும். அறிவித்த கட்டணத்தில் பாதிகூடக் கைக்கு வராத கல்லூரி என்று தெரியாமல் 'புது ஆய்வு மையம் தொடங்குவேன்' என்று சொன்னால் அங்கேயே கதை முடிந்தது.

இன்னொன்று, ரகசியம். இறுதிப் பட்டியல் வெளியே வந்தால் இருக்கிற பல்கலைக்கழகத்தில் மரியாதை போய்விடும். டெக்ஸாஸில் அரசுப் பல்கலைக்கழகம் இறுதியாளர் பெயரை 21 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். அதனால் 'ஒரே இறுதியாளர்' என்று ஒற்றைப் பெயரை வெளியிட்டுவிடுவார்கள். ஃபுளோரிடா 2022-இல் சட்டம் போட்டு விண்ணப்பதாரர் பெயர்களை இறுதிக்கட்டம் வரை மூடிவிட்டது.

#11 ராயபுரம் ரகு

எல்லாம் சரியா செஞ்சும் கிடைக்கலேன்னா?

#12 பெசன்ட்நகர்_பிரபா

வார்த்தான் கிரிகோரியனைப் பாருங்கள். ஈரானின் தப்ரீஸில் பிறந்த ஆர்மீனியர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ப்ரோவோஸ்ட். 1980-இல் தலைவர் பதவி அவருக்குத்தான் என்று பலர் எதிர்பார்த்தபோது அறங்காவலர்கள் வேறொருவரை எடுத்தார்கள். விலகினார். 1981-இல் நியூயார்க் பொது நூலகத்தின் தலைவர். தள்ளாடிக்கொண்டிருந்த நூலகத்துக்குப் பணம் திரட்டி நிமிர்த்தினார். 1989-இல் பிரவுன் பல்கலைக்கழகம் அவரைத் தலைவராக அழைத்தது. சுரேஷ் முழுப் பேராசிரியர் ஆனதும் அதே ஆண்டு, அதே இடத்தில்தான்.

#13 ஃபைல்_நம்பர்_ப்ளீஸ்

வந்தப்புறம் எவ்வளவு நாள் இருக்காங்கன்னும் சொல்லுங்க. அமெரிக்கக் கல்விக் குழுமம் 2023-ல வெளியிட்ட கணக்குல, பதவியில இருக்கிற தலைவர்கள் சராசரியா உட்கார்ந்திருக்கிற காலம் 5.9 ஆண்டு. 2006-ல அது 8.5. சுரேஷே கார்னகி மெலன்ல நாலு வருஷம்தான் (2017 ஜூன் வரை); அப்புறம் 2018 முதல் 2022 முடிய சிங்கப்பூர் நன்யாங்.

அதனால ஒப்பந்தத்துல ஒரு வரி கட்டாயம்: டென்யூரோட பேராசிரியர் பதவி. தலைவர் வேலை போனாலும் துறைக்குத் திரும்பலாம். நேரா வெளியிலேர்ந்து வர்றவருக்கு அந்த டென்யூரை அந்தத் துறையே ஓட்டுப் போட்டுத் தரணும். கையெழுத்துக்கு முன்னாடி அது முடியணும், வாய் வார்த்தை எடுபடாது.

அடுத்து, பதவிக்காலம் முடிஞ்சா ஒரு வருஷம் சம்பளத்தோட விடுப்புன்னு ஒரு பிரிவு. அதுல மாட்டினவர் அமித் சக்மா, வங்கதேசத்துலேர்ந்து போனவர், கனடாவுல வெஸ்டர்ன் பல்கலைக்கழகத் தலைவர். விடுப்பு எடுக்காம அதைப் பணமா வாங்கலாம்னு ஒப்பந்தத்துல இருந்தது. வாங்கினார். 2014 சம்பளப் பட்டியல்ல 9,67,000 கனடிய டாலர்னு வந்தது. சட்டப்படி தப்பே இல்லை. ஆனா வளாகம் கொதிச்சது, 4,40,000 டாலரைத் திருப்பிக் கொடுத்தார். ஒப்பந்தம் படிக்கிறப்ப 'இது பேப்பர்ல முதல் பக்கத்துல வந்தா எப்படி இருக்கும்'னு ஒரு தடவை படிக்கணும்.

#14 ஆலந்தூர் அனந்து

பழைய கட்டுரைகளையும் அப்படியே ஒருமுறை பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டின் தலைவராக இருந்த மார்க் டெசியர்-லவீன், கனடாவில் பிறந்தவர், 2023-இல் விலகியதற்குக் காரணம் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஆய்வுக் கட்டுரைகளில் மாற்றப்பட்டிருந்த படங்கள். அவர் கைப்பட எந்தப் படத்தையும் மாற்றவில்லை என்றுதான் விசாரணைக் குழு சொன்னது. பிழை தெரிந்தும் உறுதியாகத் திருத்த முனையவில்லை என்றது. மாணவர் போட்ட படத்துக்கும் ஆய்வக முதலாளிதான் பொறுப்பு.

#15 கூவம்கரையான்

நம் ஊர் ஒப்பீடு ஒன்று. லட்சுமணசாமி முதலியார் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தது 1942 முதல் 1969 வரை, 27 வருஷம். இப்போது பதவிக்காலம் 3 வருஷம். 2023 ஆகஸ்டில் காலியான அதே நாற்காலிக்கு ஆளுநரா அரசா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 5.9 எவ்வளவோ மேல்.

வெளிநாட்டில் பெயர் வாங்கியவர் இங்கே திரும்பி வர முடியுமா? 2018 யூஜிசி விதிப்படி துணைவேந்தருக்குக் குறைந்தது 10 ஆண்டு பேராசிரியர் அனுபவம், அல்லது பெயர்பெற்ற ஆய்வு, கல்வி நிர்வாக அமைப்பில் 10 ஆண்டு அனுபவம் வேண்டும். பேராசிரியர் கணக்கில் அங்கத்திய இணைப் பேராசிரியர் ஆண்டுகள் சேராது. அங்கே டென்யூர் வாங்கி எட்டு வருஷம் ஆன இணைப் பேராசிரியர் இங்கே பேராசிரியராகவே எண்ணப்பட மாட்டார்.

#16 மயிலை_மைதிலி

இத்தனை பேர் எழுதியும் இனிஷியலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே! தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அதிகம் வருகிற தலைவலி அது.

டிகிரியில் 'எஸ். கார்த்திகேயன்'. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்து 'கார்த்திகேயன் சுப்பிரமணியன்'. கட்டுரைகளில் 'கே. சுப்பிரமணியன்', அதாவது உலகம் முழுக்க அப்பா பெயரில் மேற்கோள். முப்பது வருஷம் கழித்து டீன் அல்லது பிரசிடென்ட் தேர்வின் கடைசிக் கட்டத்தில் பின்னணிச் சோதனை நிறுவனம் இளங்கலைப் பட்டத்திலிருந்து ஆரம்பிக்கும். மூன்று பெயரும் ஒருவர்தான் என்று காட்டத் தாள் வேண்டும். கிளம்புகிற வயதிலேயே அண்ணா சாலை எழுதுபொருள் அச்சுத் துறையில் விண்ணப்பித்து அரசிதழில் வெளியிட்டு, இரண்டு மூன்று அச்சுப் பிரதி வைத்துக்கொள்வது சுலபம். ஆய்வாளர் அடையாள எண் ஒன்று எடுத்து எல்லாக் கட்டுரைகளையும் அதன் கீழ் கோத்துவிட வேண்டும்.

அடுத்தது, எந்தப் பல்கலைக்கழகம் என்கிற குழப்பம். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1978-க்கு முன் பட்டம் வாங்கியவர்களுக்குச் சான்று சென்னைப் பல்கலைக்கழகத்துடையது. சென்னையைச் சுற்றியுள்ள தனியார் பொறியியல் கல்லூரிகளில் 90-களில் படித்தவர்களுக்கும் அப்படித்தான். அவை அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது 2001-க்குப் பிறகு. சோதனை நிறுவனம் கல்லூரியின் இன்றைய இணையதளத்தைப் பார்த்துவிட்டு கிண்டிக்குக் கடிதம் போடும். கிண்டியிலிருந்து 'அப்படி ஒரு பதிவு இல்லை' என்று பதில் போகும். அங்கே தேர்வுக் குழு முகம் சுளிக்கும். கடிதம் போக வேண்டியது சேப்பாக்கத்திலுள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு. பதிவு எண், தேர்ச்சி பெற்ற மாதம், ஆண்டு மூன்றையும் மதிப்பெண் பட்டியல் நகலோடு விண்ணப்பதாரரே முன்கூட்டி அந்த நிறுவனத்துக்கு அனுப்பிவிட வேண்டும். 'எந்த மாதத் தேர்வு' என்பதை விட்டுவிட்டால் பழைய ரெஜிஸ்டரில் ஏப்ரலா நவம்பரா என்று தேடியே வாரங்கள் போகும்.